மெக்சிகோ கரையில் 61 நாள், 7 மீன்: பருவம் மோசமா, நான் பிடித்த முறை மோசமா?

செம்பூர்_தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள். எனக்கு வயது 66, செம்பூரில் இருக்கிறேன். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சின்ன வயதில் தாமிரபரணிக் கரையில் மூங்கில் கம்பும் மண்புழுவுமாகத் திரிந்தவன். மும்பைக்கு 1982இல் வந்தேன். கடலில் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் மாஹிமில் இருந்த ஒரு கோலி மீனவப் பெரியவர். பாந்த்ரா பாறைகளில் அவர் பக்கத்தில் நின்றுதான் கெளுத்தியும் மடவையும் எப்போதாவது ஒரு காளாவும் பிடித்துப் பழகினேன். அவர் முதலில் சொல்லித்தந்தது இரையைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றி. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தை உதாண் என்பார், அஷ்டமி ஒட்டிய மந்தத்தை பாங் என்பார். உதாண் வந்தால் மீன் வரும், பாங் நாளில் வீட்டில் படு. நாற்பது வருடம் இந்த ஒரே விதியை வைத்துத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் ஓடின.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் போன டிசம்பரில் மெக்சிகோ போனோம். மகன் குவாதலஹாராவில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். எங்களிடம் அமெரிக்க விசா ஏற்கெனவே இருந்ததால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியிருக்கவில்லை. நான் கடல் கடல் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், ஹாலிஸ்கோ மாநிலத்துப் பசிபிக் கரையில் பாரா தெ நவிதாத் என்ற ஊரில் எனக்கும் மனைவிக்கும் ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தான். ஒரு பக்கம் விரிகுடா, மறுபக்கம் காயல், நடுவில் நாக்கு மாதிரி நீண்ட மணல் திட்டு, அதன்மேல் ஊர். 1564 நவம்பரில் ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸுக்குக் கப்பல் விட்டது இங்கிருந்துதான் என்று அங்கே நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் மும்பையும் பாராவும் ஏறக்குறைய ஒரே கோட்டில், இரண்டும் 19 டிகிரி வடக்கு. இரண்டுக்கும் மேற்கே கடல். ஜனவரியில் சூரியன் உதிக்கிற கடிகார நேரம்கூட கிட்டத்தட்ட ஒன்றுதான். சரி, நம்ம கடல் மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

என் ஆசையெல்லாம் சேவல் மீன் மேல்தான். அங்கே பெஸ் காயோ என்கிறார்கள். முதுகில் சீப்பு மாதிரி ஏழு நீள முள் தூக்கி நிற்க, அலைக்குள் மடவையைத் துரத்திக்கொண்டு கரை வரைக்கும் வரும் மீன். பசிபிக்கின் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதன் குடும்பத்தில் அது ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

இப்போது கணக்கு. டிசம்பர் 12 முதல் மார்ச் 5 வரை 61 நாள் தூண்டில் போட்டேன். பிடித்தது ஏழு. நாலு சின்னப் பாரை மீன், அங்கே அதை தோரோ என்கிறார்கள், உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரியது. இரண்டு கெளுத்தி. ஒரு பலோமேத்தா, தட்டையாக வெள்ளிக் காசு மாதிரி மின்னும். கொண்டுபோனது 12 அடி ராடு, 30 பவுண்டு இழுப்பு தாங்கும் தூண்டில் நரம்பு, நாலு அவுன்ஸ் ஈயம், இரை இறாலும் கணவாய்த் துண்டும். நன்றாக ஓங்கி வீசி 80 மீட்டர் வரை போட்டேன். தினமும் ஏற்ற நேரம் பார்த்து, உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நின்றேன், சில நாள் காலை ஒன்பது, சில நாள் மத்தியானம், எப்போதாவது விடியற்காலை. இன்னொன்று, ஏழில் ஐந்து மீன் நடுக்கடலில் கடிக்கவில்லை. வெறுங்கையோடு சுற்றி இழுத்து முடிக்கிற நேரத்தில் காலடியில் வந்து கடித்தன. அதை அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் நரம்பு அறுந்த கணக்கு: 14 முறை. இழுப்பே தெரியாது. திடீரென்று நரம்பு தொளதொளவென்று வரும், தூண்டில் முள்ளும் இருக்காது, இரையும் இருக்காது. காயல் வாயில் கல் போட்ட தடுப்புச் சுவர் இருக்கிறது, அங்கே நின்றால் கல்லில் உரசி அறுந்தது என்று விட்டுவிடுவேன். விரிகுடா மணலில் அறுந்ததற்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

தினமும் வருகிற ஒரு உள்ளூர்க்காரர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். ராடு இல்லை, ரீல் இல்லை, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். இடது கையில் பாட்டிலைக் கடலுக்கு நீட்டிப் பிடித்து, வலது கையால் சுழற்றி விடுவார், பதினைந்து மீட்டர்கூடப் போகாது. நான் போகும்போது அவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார், பையில் நாலைந்து மீன் கிடக்கும். என்னைப் பார்த்து, வானத்தைக் காட்டி, "தெம்ப்ரானோ, தெம்ப்ரானோ" என்பார். மகனிடம் கேட்டேன், "சீக்கிரம்" என்று அர்த்தமாம். சரி, பருவத்துக்கு ரொம்பச் சீக்கிரமே வந்துவிட்டாய் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி மும்பையிலிருந்து குழம்புப் பொடி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புளி அங்கே சந்தையிலேயே கிடைத்தது, அவளுக்கு அது பெரிய சந்தோஷம். ஆனால் குழம்பு வைத்த மீனில் பாதி கடையில் வாங்கியது.

மகன் இன்னும் ஒன்றரை வருடம் அங்கே இருப்பான். மறுபடி போக முடியும். என் கேள்வி இதுதான்: குளிர் மாதங்களில் அந்தக் கரையே அப்படித்தானா, இல்லை நான் மீன் இருந்த இடத்தில் மீன் இல்லாத மாதிரி நின்றேனா? அடுத்த தடவை ஜூனில் போகலாமா, இல்லை அதே குளிரிலா? இங்கே மழை கொட்டுகிறது, படகெல்லாம் கரையில் கிடக்கிறது, உட்கார்ந்து யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.


மனோரி_கரை

அண்ணாச்சி வணக்கம். நான் தாராவியில் பிறந்தவன், அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கம். பதினைந்து வருடமாக மனோரி, கோராய், உத்தன் என்று கரையிலிருந்துதான் பிடிக்கிறேன். மெக்சிகோ போனதில்லை, ஆனால் நீங்கள் எழுதினதைப் படித்ததும் பதில் அதற்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

ஒரே அட்சக்கோடு என்பது வெயிலுக்குச் சரி. கடலுக்குச் சரியில்லை. மும்பைக்கு வெளியே கடலடி தட்டையாக, ஆழமில்லாமல், சுமார் 300 கிலோமீட்டர் வரை போகிறது. வடக்கே காம்பாட் வளைகுடா புனல் மாதிரி குறுகுகிறது. இந்த அமைப்பால்தான் நம் ஏற்றம் பெருத்துப்போய் உதாண் நாளில் ஐந்து மீட்டரை நெருங்குகிறது. அவ்வளவு தண்ணீர் ஏறி இறங்கும்போது சேற்றைக் கிளறும், மீனைத் தள்ளிக்கொண்டு வரும். நாம் கோலிக்காரர்களிடம் கற்றதெல்லாம் அந்தத் தண்ணீருக்கான பாடம். பாரா பக்கம் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடுகிறது, கரையை ஒட்டியே கடலடிப் பள்ளம் ஓடுகிறது. மன்சனியோ துறைமுகத்து ஏற்ற அட்டவணையைப் பாருங்கள், ஒரு மீட்டருக்குள்தான் ஏற்ற இறக்கம். நம் பாங் நாளில் இருக்கிற அசைவுகூட அங்கே உதாண் நாளில் இல்லை. நீங்கள் 61 நாளும் மும்பைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கடலில் நின்றிருக்கிறீர்கள்.

அங்கே ஏற்றம் பார்க்கிறதைவிட வெளிச்சம் பார்க்க வேண்டும். விடிகிறதுக்கு அரை மணி முன்னால் தொடங்கி சூரியன் முழுசாக மேலே வருகிற வரை, அப்புறம் சாயங்காலம் மசங்குகிற நேரம். பாட்டில்காரர் வானத்தைக் காட்டினாரே, அது பருவத்தைப் பற்றி இருக்காது என்று நினைக்கிறேன். அவர் கிளம்புகிற நேரத்துக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, தூரம். ஐந்து மீன் காலடியில் கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அதிர்ஷ்டம் என்று விடாதீர்கள், ஏழில் ஐந்து என்பது அதிர்ஷ்டம் இல்லை. செங்குத்தான மணற்கரையில் அலை உடைந்து திரும்ப இழுக்கிற இடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம் விழும். திரும்பும் தண்ணீர் மணலுக்குள் புதைந்த சின்ன நண்டையும் புழுவையும் கிளப்பி அந்தப் பள்ளத்தில் போடும். சின்ன மீன் அதைத் தின்ன வரும், பெரிய மீன் சின்ன மீனுக்கு வரும். நீங்கள் 80 மீட்டர் வீசும்போது இரை அந்தப் பள்ளத்தைத் தாண்டி, மீன் கூட்டத்தின் தலைக்கு மேலே பறந்து போயிருக்கிறது. பாட்டில்காரர் பதினைந்து மீட்டர்தான் போட்டார்.

நான் மனோரியில் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். நல்ல இறக்கத்தில் கையில் ராடே இல்லாமல் ஒரு தடவை கரை முழுக்க நடப்பேன். எங்கே மணல் குழிந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கடைசியாக வடிகிறது, எங்கே சிப்பி ஓடு குவிந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் கிறுக்கி வைப்பேன். தண்ணீர் ஏறினபின் அந்தக் குழிக்கு நேராகத்தான் நிற்பேன். பாராவில் இறக்கம் கம்மியாக இருப்பதால் இது முழுசாகத் தெரியாது, அப்போது அலையைப் பார்க்க வேண்டும். வரிசையாக வெள்ளையாக உடைகிற அலையில் ஒரு இடத்தில் மட்டும் உடையாமல் கருநீலமாகத் தெரிந்தால் அங்கேதான் ஆழம். ஆனால் அதே இடத்தில் உள்ளிழுப்பும் இருக்கும், கணுக்காலுக்கு மேல் இறங்காதீர்கள். நம் அக்ஸா கடற்கரையில் எத்தனை பேர் மூழ்கிப் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, தண்ணீரின் நிறம். மும்பையில் மீன் மோப்பத்தில்தான் இரையைக் கண்டுபிடிக்கிறது, கலங்கலில் 30 பவுண்டு நரம்பு அதற்குத் தெரியாது. அங்கே தண்ணீர் தெளிவு என்றால் அந்த நரம்பு கயிறு மாதிரித் தெரிந்திருக்கும். 12, 15 பவுண்டு போதும், கடைசி ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பு), ஈயம் ஒரு அவுன்ஸுக்குள், முள் சின்னது.

அறுந்த 14 பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அறுந்த நரம்பு ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறீர்களா? நுனி எப்படி இருந்தது?


பவாய்_மீனா

ஐயா, நான் மீன் பிடிக்கிற ஆள் இல்லை, ஆனால் நாலு வருடம் குவாதலஹாராவில் இருந்துவிட்டு இப்போது பவாயில் இருக்கிறேன். பாராவுக்கும் பக்கத்திலிருக்கும் மெலாக்கேக்கும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போவோம். என் கணவர் காலை நாலரைக்கு எழுந்து ராடைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், நான் பின்னால் காபியோடு போவேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

தெம்ப்ரானோ என்றால் சீக்கிரம்தான், ஆனால் பேச்சில் ரொம்பவும் "காலையிலேயே" என்ற அர்த்தத்தில்தான் வரும். வானத்தையும் காட்டினார் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, விடியற்காலையில் வா என்றுதான் அந்தப் பெரியவர் கூப்பிட்டிருக்கிறார். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, இரண்டரை மாதம் தினமும் சொல்லியிருக்கிறாரே.

பருவம் பற்றி. அங்கே மழை ஜூனிலிருந்து அக்டோபர் வரை. கடல் அப்போது வெதுவெதுப்பாக 29, 30 டிகிரி இருக்கும், பிப்ரவரி மார்ச்சில் 25ஐ ஒட்டி வந்துவிடும். வடக்கே காபோ கொரியெந்தஸ் முனைப் பக்கம் குளிர்காலக் கடைசியில் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், கடல் பச்சையாகக்கூட மாறும். சேவல் மீன் வெதுவெதுப்பான தண்ணீரைத்தான் தேடும் என்று என் கணவர் சொல்வார். அதன் உலக சாதனை மீன், 51 கிலோவுக்கு மேல், லா பாஸ் பக்கம் 1960இல் ஜூன் மாதம்தான் பிடிபட்டது. அதனால் பிப்ரவரியில் அதைக் காணவில்லை என்றால் உங்கள் தப்பு இல்லை ஐயா.

ஆனால் குளிர்காலம் காலியும் இல்லை. அதுதான் சியெரா மீன் வருகிற காலம். ஊர்க்கடைகளில் அந்த மாதங்களில் செவிச்சே எல்லாம் சியெராவில்தான் போடுவார்கள், எலுமிச்சைச் சாறில் ஊறவைத்து, வெங்காயம், கொத்தமல்லி, பச்சை மிளகாய் போட்டு. நீங்களும் கடையில் வாங்கிக் குழம்பு வைத்தது அதுவாகத்தான் இருக்கும். நீளமாக, வெள்ளிநிறமாக, பக்கவாட்டில் மஞ்சள் புள்ளி புள்ளியாக இருந்ததா?

ஜூன் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பக்கப் பசிபிக்கில் புயல் காலம் மே நடுவில் தொடங்கி நவம்பர் கடைசி வரை. 2015 அக்டோபர் 23 அன்று பட்ரீசியா புயல் கரையேறியது பாராவுக்குச் சற்று வடமேற்கேதான். நீங்கள் இருவரும் தனியாக இருப்பதால் இதையும் யோசியுங்கள். மழைக்காலத்தில் ஈரப்புழுக்கமும் கொசுவும் மும்பையைத் தோற்கடிக்கும். காயல் ஓரம் கல் தடுப்புச் சுவரில் ஆள் இல்லாத பக்கம் இருட்டில் போய் நிற்காதீர்கள், அந்தக் காயல்களில் முதலை இருக்கிறது. கொஞ்சம் வடக்கே லா மன்சனீயா ஊரில் சதுப்புக்காட்டு முதலைகளைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். மணலில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்கச் சொல்லுவார்கள், திருக்கை படுத்திருக்கும்.

கரையிலிருந்து பிடிக்க உரிமச்சீட்டு வேண்டாம், படகில் ஏறினால்தான் வேண்டும். சேவல் மீன் மாட்டினால் அதை விற்கக் கூடாது, அது விளையாட்டுக்குப் பிடிப்பவர்களுக்கென்று சட்டத்தில் ஒதுக்கின மீன். பெரும்பாலும் எல்லோரும் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள்.


செம்பூர்_தூண்டில்

தம்பிக்கும் மீனா அம்மாவுக்கும் ரொம்ப நன்றி. இரண்டு பதிலையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தெம்ப்ரானோ விஷயம் வந்ததும் அவள் பேசவே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து "அந்த மனுஷனுக்கு நாம ஒரு நன்றிகூடச் சொல்லலையே" என்றாள். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. கிளம்பின அன்று காலை எழுந்து போய் அவரைப் பார்த்திருக்கலாம்.

தம்பி, நுனி கேட்டீர்கள். நான் எதையும் தூக்கிப் போடாதவன். அறுந்த தலைப்புகளை ஒரு டப்பாவில் சுருட்டி வைத்திருந்தேன், நேற்று எடுத்துக் குழல்விளக்கின் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினொன்று இருந்தது. அதில் ஏழு ஒரே மாதிரி. பிளேடால் சாய்வாக ஒரே வெட்டு வெட்டின மாதிரி, நுனி பளபளவென்று இருக்கிறது. மூன்றில் நுனி நைந்து, வெள்ளையாக முடி முடியாகப் பிரிந்திருக்கிறது, நுனிக்கு மேலே ஒரு சாண் வரைக்கும் சொரசொரப்பு. இவை மூன்றும் கல் தடுப்பில் அறுந்தவைதான் என்று நோட்டில் இருக்கிறது. மிச்சம் ஒன்று நசுங்கித் தட்டையாகி, பல் பதிந்த மாதிரி இரண்டு மூன்று இடத்தில் குழி விழுந்திருக்கிறது.

சாய்வாக வெட்டின ஏழில் ஆறு மணற்கரையில். ஆறும் ஏற்றம் தற்செயலாக விடியற்காலையில் வந்த நாட்கள். இதை நோட்டைப் புரட்டினபோதுதான் கவனித்தேன், அங்கே இருந்தபோது கவனிக்கவே இல்லை.

மீனா அம்மா, ஆமாம், கடையில் வாங்கினதில் மஞ்சள் புள்ளி இருந்தது.


முட்டத்துக்காரன்_வசாய்

ஐயா, நான் குமரி மாவட்டம் முட்டம், அப்பா கட்டுமரத்தில் போனவர், நான் இருபது வருடமாக வசாயில் வேலை பார்க்கிறேன். அந்த ஏழு வெட்டைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கல் நரம்பைத் தேய்க்கும், வெட்டாது. சாய்வாக ஒரே வெட்டு என்றால் பல் உள்ள மீன், ஓடுகிற வேகத்திலேயே வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. சியெரா நம் நெய்மீனுக்கு, அதாவது வஞ்சிரத்துக்கு, நேர் பங்காளி. ஒரே பேரினம், அதே வாய், அதே கத்திரிப் பல். மும்பைச் சந்தையில் சுர்மை என்று நீங்கள் விலை பேசி வாங்குகிற மீனின் சொந்தக்காரன்தான் உங்கள் நரம்பை ஏழு தடவை வெட்டினது. ஐயா, நீங்கள் 7 மீன் என்று எழுதியிருக்கிறீர்கள், கடித்தது குறைந்தது 14.

மனோரித் தம்பி சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து. நரம்பை மெல்லிசாக்குங்கள் என்றது பலோமேத்தாவுக்கும் பாரைக்கும் சரி. சியெரா இருக்கிற தண்ணீரில் 12 பவுண்டு ஃபுளோரோகார்பனைப் போட்டால் அறுகிறது ஏழு இல்லை, எழுபதாகும். முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி வேண்டும். மெல்லிய ஒற்றைக் கம்பி, பளபளப்பில்லாத பழுப்பு நிறம், ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் தெளிந்த தண்ணீரில் மீன் விலகிவிடும். கம்பியை முறுக்கிக் கட்டுகிறது கையால் பழக வேண்டிய வேலை, பத்து தடவை வீட்டில் கட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் சியெராவுக்கு இறாலைக் கீழே போட்டுக் காத்திருக்கிறது வீண். அது ஓடுகிற இரையைத் துரத்துகிற மீன். ஒரு அவுன்ஸ் வெள்ளி ஸ்பூன், அதாவது மீன் மாதிரி மின்னுகிற உலோகப் போலி இரை, விரல் நீளம் போதும், போட்ட உடனே நிறுத்தாமல் வேகமாகச் சுற்றுங்கள், உங்கள் கை வலிக்கிற வேகம்தான் அதற்குச் சரியான வேகம். ஏழில் ஐந்து மீன் சுற்றி இழுக்கும்போதே கடித்ததற்கு இன்னொரு காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன், காலடிப் பள்ளம் மட்டும் இல்லை, அப்போதுதான் உங்கள் இரை அசைந்தது.

அந்த நசுங்கின ஒன்று பேத்தை மீனாக இருக்கும். பேத்தை ஓடுகிற வேகத்தில் வெட்டாது, நின்று மென்று மென்று அறுக்கும். இரை அரைவட்டமாகக் கடிபட்டு வந்தாலும் அதுதான். பேத்தை வந்துவிட்டால் அந்த இடத்தை விட்டு நூறு அடி தள்ளிப் போங்கள், அங்கே நின்றால் முள் மிச்சமிருக்காது. பிடித்தாலும் குழம்புக்கு வேண்டாம், விஷம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு கடலில் விழுகிற இடத்தைப் பொழி என்போம். மழை இல்லாத காலத்தில் மணல் மூடிவிடும், மழை வந்ததும் உடைத்துக்கொண்டு போகும், உடைந்த வாரம் பொழிமுகத்தில் மீன் அடுக்கி நிற்கும், உள்ளே வளர்ந்த குஞ்சும் இறாலும் வெளியே வருமே. மெக்சிகோவின் அந்தக் கரையிலும் ஆற்று வாய்கள் அப்படித்தான் மூடித் திறக்கிறவை, ரொபாலோ என்கிற மீன் அங்கே வந்து நிற்கும், நம் கொடுவா மாதிரியே வாழ்கிற மீன். அதனால் என் யோசனை ஜூனும் வேண்டாம், பிப்ரவரியும் வேண்டாம். நவம்பர் கடைசியில் போய் இறங்குங்கள். பெரிய மழை முடிந்திருக்கும், தண்ணீரில் சூடு இன்னும் மிச்சமிருக்கும், பொழி பல இடத்தில் இன்னும் மூடியிருக்காது, சேவல் மீனும் முழுசாக ஒதுங்கியிருக்காது, சியெரா வரத் தொடங்கியிருக்கும்.


மனோரி_கரை

அண்ணே, கம்பி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. மனோரியில் நெய்மீன் கரைக்கு வருவதே இல்லை, வாளை வந்தால்தான் நரம்பு போகும்.

செம்பூர் அண்ணாச்சி, மழைக்காலப் படகுத் தடை முடிந்து, கோலிகள் கடலுக்குத் தேங்காய் விடுகிற நாரளி பௌர்ணமி கழித்து ஒரு ஞாயிறு மனோரிக்கு வாருங்கள். தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், ஸ்பூனுக்குப் பெரிதாக ஒன்றும் வராது, ஆனால் கிட்டத்தில் வீசி வேகமாகச் சுற்றிப் பழகலாம். 12 அடி ராடை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், என்னிடம் எட்டடி இருக்கிறது.


செம்பூர்_தூண்டில்

முட்டம் தம்பி, மனோரி தம்பி, இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாலு மாதமாக அந்தக் கடலில் ஒன்றுமில்லை என்று மனதில் வைத்திருந்தேன். நேற்றிரவு நோட்டை மறுபடி எடுத்து, "மீன் இல்லை, நரம்பு அறுந்தது" என்று எழுதின ஆறு நாளிலும் பக்கத்தில் பென்சிலால் "சியெரா" என்று எழுதினேன்.

மகனிடம் பேசிவிட்டேன், நவம்பர் 20க்கு மேல் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அதே வீடு கிடைக்குமா என்று கேட்கப்போகிறான். மனைவிக்கும் அந்தச் சந்தையும் அந்தப் புளியும் பிடித்துப்போய்விட்டது, அவளும் தயார்.

இன்று காலை மழை விட்ட நேரத்தில் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் போய் மெல்லிய கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தேன். மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து முறுக்கிப் பார்த்தேன். முதல் நாலு கட்டு இழுத்ததும் உருவிக்கொண்டது. ஐந்தாவது நிற்கிறது, ஆனால் முறுக்கின இடத்தில் கம்பி வளைந்து நேராக நிற்கமாட்டேன் என்கிறது. முட்டம் தம்பி, முதலில் அகலமாக ஆறு முறுக்கு போட்டுவிட்டு அப்புறம் நெருக்கிச் சுற்றினேன், அது சரியா? மிச்சக் கம்பியைக் கட்டரால் வெட்டினால் நுனி கையைக் கிழிக்கிறது, நீங்கள் எப்படி முறிக்கிறீர்கள்?

மனோரி தம்பி, நாரளி பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு வருகிறேன். எத்தனை மணிக்கு என்று கேட்கமாட்டேன், விடியும் முன்பே அங்கே இருப்பேன்.


முட்டத்துக்காரன்_வசாய்

அகல முறுக்கு நாலைந்து போதும் ஐயா, நெருக்கிச் சுற்றுகிறதையும் ஐந்தோடு நிறுத்துங்கள். முறுக்கும்போது ஒரு கம்பி நேராக நிற்க, மற்றது அதைச் சுற்றினால் உருவிக்கொள்ளும். இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சமமாகச் சுற்ற வேண்டும், இழுக்கிற இழுப்பு இரண்டு விரலிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மிச்சத்தை வெட்டவே வேண்டாம். நுனியை ஒரு கைப்பிடி மாதிரி மடக்கி, முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டுங்கள், முறுக்கின இடத்தோடு ஒட்டித் தானாக முறியும், கையில் குத்தாது. அந்த ஞாயிறு நானும் வசாயிலிருந்து மனோரிக்கு வருகிறேன், சுருளைக் கையோடு கொண்டுவாருங்கள், அங்கேயே கட்டிக் காட்டுகிறேன்.